மெக்சிகோ போகும் வழியில் பன்னிரண்டடித் தடம்

"உள்ளூரு வரப்புக்கே ஒரு முடிவு காணோம். நீ அமெரிக்காக்காரன் வரப்பைப் படிச்சு என்னத்தச் சாமி கிழிக்கப் போறே?"

வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்ன அன்று பெரியப்பா கேட்டது இது. கல்யாணப் பந்தியில், எதிரும் பக்கத்திலுமாக நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இலையைப் பார்த்தபடி சிரித்து வைத்தேன். அப்பா இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். அம்மா பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் ஆளாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: நாம் தப்பாகப் படித்தாலும் கண்டுபிடிக்க வீட்டில் ஆள் கிடையாது.

நான் படிப்பது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாம் வருஷத்தை. அந்த வருஷத் தொடக்கத்தில் அமெரிக்கா, பக்கத்து நாடான மெக்சிகோவைப் போரில் தோற்கடித்து, அதன் நிலத்தில் பாதியைப் பத்திரம்போல எழுதி வாங்கிக்கொண்டது. அதே வருஷம் கோடையில், வென்ற நாட்டின் ஒரு சின்ன ஊரில் பெண்கள் கூடி, ஓட்டும் சொத்தும் எங்களுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தோற்ற நாட்டின் சட்டப்படி கல்யாணமான பெண் தன் பேரில் நிலம் வைத்துக்கொள்ளலாம். வென்ற நாட்டிலோ பெரும்பாலான இடங்களில் தாலி ஏறியதும் அவள் சொத்து புருஷனுக்குள் கரைந்துவிடும். அவர்கள் தாலி கட்டுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அப்படியானால் எல்லைக்கோடு ஒரு பெண்ணின் வயலைத் தாண்டி நகர்ந்தபோது, அந்த வயல் யாருடையது? இதுதான் என் ஆராய்ச்சி.

இதைக் கட்டுரையாக வாசிக்க மெக்சிகோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. சென்னையில் விசா விண்ணப்பம் நிரப்பித் தருபவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு ஆதாரம் வேணும் மேடம். ஹஸ்பெண்ட்?"

"இல்லை."

"குழந்தை?"

"ஹஸ்பெண்டே இல்லைங்க."

"சரி, சொத்து? எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. உங்க பேர்ல, சீலோட இருக்கணும்."

என்னை ஊரோடு கட்டிப்போட ஒரு முளைக்குச்சியும் இல்லை என்று தெரிந்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "உன்ற பேர்ல ஒரு தடம் இருக்குதே சாமி. உனக்குத் தெரியாதா?"

இப்படியாக, மெக்சிகோ போவதற்காகப் பரமத்தி வேலூருக்குப் புறப்பட்டேன்.

திங்கட்கிழமை சேலத்தில் இறங்கி, ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட், சட்னி எல்லாம் வைத்து அழுத்தித் தருவார்கள். கடித்தால் பாதி வாய்க்குப் போகும், பாதி துப்பட்டாவுக்கு. பீட்ரூட் கறையோடு ஏறிய பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றது. ஸ்டாப் வந்ததால் அல்ல, பெல்ட் அறுந்ததால்.

"எறங்கி டீக் குடிங்க, பத்தே நிமிசம்" என்றார் கண்டக்டர்.

அந்தப் பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. பக்கத்து சீட்டு அக்கா கை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் இரண்டு கொடுத்தார்.

"என்ன படிக்கறீங்க?"

"ஹிஸ்டரிங்க. பிஎச்டி."

"அடடா," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "நர்சிங் கெடைக்கலீங்களா?"

பின் சீட்டில் பீகாரிலிருந்து தறி ஓட்ட வந்த ஒருவர் வீட்டுக்காரியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். என் அரைகுறை இந்தியில் விளங்கியது இவ்வளவு: "அண்ணன் வரப்பை உழுதுட்டானா? நீ வாசலை விட்டு நகராதே. ஆதார் அட்டையைக் கையிலேயே வச்சுக்கோ. அவன் வந்தான்னா எருமையை அவிழ்த்து விடு." அமெரிக்காவும் மெக்சிகோவும் அடித்துக்கொண்டது, எல்லை இந்த ஆறா, தெற்கே இருக்கும் அந்த ஆறா என்ற தகராறில்தான் தொடங்கியது. அங்கேயும் யாராவது வீட்டில் இருந்த பெண்ணிடம் வாசலை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

வீடு சேர இருட்டிவிட்டது. அம்மா அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் வைத்தார். தடத்தைப் பற்றிக் கேட்டதும், "காத்தால அப்பங்கூடப் போய்ப் பாத்துக்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா என்னைக் கூட்டிப்போனார். தார் ரோட்டிலிருந்து எங்கள் வாழைத் தோட்டத்துக்கும், அதை ஒட்டிய பெரியப்பாவின் கரும்புக்கும் போகிற மண் பாதை அது. எங்கள் பக்கத்தில் பாதையைத் தடம் என்போம். பன்னிரண்டடி அகலம். முன்பு வேறு ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் ஈரோட்டுக்குக் குடிபோனபோது விற்றார். அப்பாவும் பெரியப்பாவும் பேச்சுவார்த்தை முறிந்திருந்த சமயம். அப்பா முந்திக்கொண்டு வாங்கிவிட்டார். தன் பேரில் வாங்கினால், இது குடும்பச் சொத்து, எனக்கும் பாதி என்று பெரியப்பா வருவார் என்ற பயம். மகன் பேரில் வாங்கினாலும் அதே வம்பு வரலாம். "பொண்ணு பேர்ல போட்டுருங்க, எவனும் அதச் சொத்துன்னே நெனைக்க மாட்டான்" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. அரைப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். மைனருக்காகத் தகப்பனார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பொங்கலுக்கு நான் வந்து போன பிறகு தடத்தின் வாயில் இரும்பு கேட் முளைத்திருந்தது. அதில் ஒரு பூட்டு, அதற்கு மேல் தகரப் பலகை. சிவப்புப் பெயின்டில், "இத்தடம் செல்வி மு. கோகிலா எம்.ஏ. அவர்களுக்குப் பாத்தியப்பட்டது. அத்துமீறி நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதியிருந்தது. எம்.ஏ.வுக்குப் பிறகு கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

"டாக்டர் பட்டம் வந்தா எழுதறக்கு எடம் உடச் சொன்னேன்," என்றார் அப்பா. "அது பேருக்கு முன்னால வருமாமே. பெயின்டர் பின்னால உட்டுட்டான்."

பொய் சொல்ல மாட்டேன், முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பட்டமளிப்பு விழாவில்கூட என் பேரை இவ்வளவு பெரிதாக யாரும் எழுதவில்லை. பிறகு கேட்டுக்கு உள்ளே பார்த்தேன். பெரியப்பாவின் கரும்பு முற்றிப்போய் நின்றது. அதை ஏற்றிப்போக டிராக்டர் வர வேறு வழி கிடையாது. வாய்க்கால் கரைமேல் சுற்றினால் சைக்கிள் போகும், அவ்வளவுதான். சண்டையை ஆரம்பித்தவர்கள் இரண்டு ஆண்கள். கொடியில் இருந்த பேர் என்னுடையது.

"பத்திரத்தக் குடுங்கப்பா. விசாவுக்கு வேணும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசு போறோம். உங்கண்ணன் பேருக்கு மாத்தி ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, நீ பாட்டுக்கு எந்த நாட்டுக்கு வேணா போ."

"பத்து வருசமா எம்பேர்லதான இருந்துது? இப்ப எதுக்குங்க மாத்தறது?"

"இத்தன நாளா நீ மெட்ராசு வரைக்குந்தான் போனே. இப்பக் கடல் தாண்டிப் போறே. அங்க எவனாச்சும் ஒரு மெக்சிக்காரனக் கட்டிக்கிட்டீன்னா? தடம் அவனுக்குப் போயிருமில்ல?"

பாதி நாட்டை இழந்த மெக்சிகோ, கடைசியில் பரமத்தி வேலூர்ப் பக்கம் பன்னிரண்டடி அகலத்தில் ஆறுதல் அடைவதைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். ஒரு புத்தகமும் படிக்காமல் அப்பா வென்ற நாட்டுச் சட்டத்தை அப்படியே ஒப்பித்துவிட்டார். பெண் கட்டிக்கொண்டால் மண்ணும் கூடவே போய்விடும்.

என் அண்ணன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறான். வருஷத்தில் பத்து நாள் ஊருக்கு வருவான். அவன் திரும்பி வருவான் என்பதற்கு இதுவரை யாரும் ஆதாரம் கேட்டதில்லை.

எங்கள் மாநிலத்திலும், பிறகு நாடு முழுவதும், குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் தோட்டத்துக்குத் தடம் பூட்டியிருப்பதால் அது இன்னும் உள்ளே வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டால், இந்த உலகத்தில் என் பேரில் ஒரு பிடி மண் இருக்காது. விசாவும் இல்லை. போடாவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

புதன்கிழமை விடிந்ததும் பெரியப்பா இரண்டு இளநீரோடு வாசலில் நின்றார். அப்பா வாழைத்தார் ஏலத்துக்குப் போகும் நேரம் பார்த்து வந்திருந்தார்.

"அம்முணி, நல்லாருக்கியா சாமி? மெக்சிகோ போறியாமே. எனக்கு அப்பவே தெரியும், இந்தப் புள்ள பெரிசா வரும்னு."

"பந்தியில வேற மாதிரி சொன்னாப்ல ஞாபகமுங்க பெரியப்பா."

"அது வெளையாட்டுக்குச் சொன்னது சாமி. சர்க்கரை மில்லுல வெட்டு உத்தரவு வந்திருச்சு. கரும்பு நின்ன எடத்துல காயுது. அந்தத் தடத்த எனக்கு எழுதிக் குடுத்துரு. நீ கட்டிக்கிட்டுப் போறவ, உனக்கெதுக்குத் தடம்?"

அப்பாவும் பெரியப்பாவும் பத்து வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனால் எனக்குத் தடம் தேவையில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. சமாதானத்துக்கு இதுவே நல்ல தொடக்கம் என்று நான் சொல்லவில்லை. இளநீரைக் குடித்தேன்; தண்ணீர் நன்றாக இருந்தது.

அன்று பத்து மணிக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போன அம்மாவைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த முள்வேலி ஓரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. அம்மா குச்சியால் முள்ளை ஒதுக்கிப் பிடித்திருந்தார். ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சந்து. அதில் பால் கேனை முதலில் தள்ளிவிட்டு, பின்னாலேயே பெரியம்மா வந்தார். என்னைக் கண்டதும் இருவரும் திருட்டு முழி முழித்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"தடத்துல கேட் போட்ட அன்னைலிருந்து," என்றார் பெரியம்மா. "பால ஊத்த வாய்க்காக் கரைமேல தெனம் ரெண்டு நடை சுத்தோணும். முட்டி என்னத்துக்கு ஆகும்? உங்கம்மாதான் முள்ள ஒதுக்கி உட்டா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு அந்த இரும்பு கேட் மட்டுந்தான் தெரியும்" என்றார் அம்மா.

மூவரும் வாழை நிழலில் உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா முந்தானையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "நானும் போட்டேன், எங்கண்ணனுகளுக்கு. நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயி கைநாட்டு வெக்கச் சொன்னாங்க. வெச்சதும் ஓட்டல்ல முட்டை தோசை வாங்கிக் குடுத்தாங்க."

"எத்தனை ஏக்கர்ம்மா?"

"அது தெரியல சாமி. தோசை ரெண்டு."

"உனக்காச்சும் தோசை," என்றார் பெரியம்மா. "எனக்கு ஒரு டீயோட முடிச்சுப்புட்டாங்க."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. நான் படித்த பழைய ஆவணங்களில் ஒரு விவாதம் வரும். மெக்சிகோவிடமிருந்து பிடுங்கிய பகுதியில் புது மாநிலம் அமைத்தபோது, மனைவிக்குத் தனிச்சொத்து என்ற பழைய சட்டத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் எழுந்து, நான் கல்யாணமாகாதவன், இந்தச் சட்டம் இருந்தால் சொத்துள்ள பெண்கள் இந்தப் பக்கம் வருவார்கள், கல்யாணமாகாத எல்லோரும் ஆதரியுங்கள் என்கிற மாதிரிப் பேசினார். சட்டம் நிறைவேறியது. உரிமை எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே விட்டுவிட வேண்டியதுதான் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அப்பாவின் பயத்தால் எனக்கு வந்த தடமும் அப்படி வந்ததுதான்.

"அம்மா, மூலப் பத்திரம் எங்க இருக்குது?"

அம்மா என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இரும்புப் பெட்டியில் எது எந்தத் தாள் என்று மடிப்பை வைத்தே தெரியும். சரியாக அதை எடுத்துக் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை அம்மாவும் பெரியம்மாவும் மகளிர் குழுக் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். குழு லோன் தருவதால் அதைப் பற்றி எந்த ஆணும் கேள்வி கேட்பதில்லை. ஊர் பார்க்கும் என்பதால் டவுன் பஸ்ஸில் அம்மா முன் சீட்டிலும் பெரியம்மா பின் சீட்டிலும் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில், எல்லைக் கல்லைப்போல நான்.

பெண்களுக்கு இலவச பஸ். நின்றுகொண்டிருந்த ஒருவர் புழுங்கினார்: "பொம்பளைங்களுக்கு ஓசி, எங்களுக்குக் காசு. அப்ப ஆம்பளைக்கு என்னதான் உரிமை இருக்குது?"

"நாளைக்குச் சேலை கட்டிட்டு வாங்ண்ணா," என்றார் ஒரு பெண். "நாங்க வேண்டாங்கல."

பத்திர எழுத்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். தடம் என் பேரிலேயே இருக்கும். அதில் நடக்கவும் வண்டி ஓட்டவும் என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நிரந்தர உரிமை எழுதித் தருகிறேன். வேறு யார் போனாலும் இவர்கள் இருவரில் ஒருவர் சம்மதத்தோடுதான் போக வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணந்தம்பிக்குள்ள வழி எழுதியிருக்கறேன். பொம்பளைக்குப் பொம்பளை வழி எழுதறது இப்பத்தான். வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"ஆம்பளைங்க வந்தா இந்தப் பத்திரமே எழுத முடியாதுங்களே" என்றார் பெரியம்மா.

சாட்சிக்கு ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் டீக்கடை அக்காவும் வந்தார்கள். பத்திர ஆபீசுக்கு உள்ளே மெஷினில் எல்லோரும் விரலை வைக்க வேண்டியிருந்தது. நானும் வைத்தேன்.

"எம்.ஏ. படிச்சும் கைநாட்டுத்தானா?" என்று பெரியம்மா கேட்டதில் ஆபீசே சிரித்தது.

வெளியே வந்ததும், முட்டை தோசை சாப்பிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாஞ் சாமி. அதச் சாப்பிட்டா எதையோ குடுத்துட்டு வந்தாப்ல இருக்கும்" என்றார். பரோட்டா சாப்பிட்டோம். பெரியம்மா மூன்று.

வெள்ளிக்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். உட்காரச் சொல்லி, பத்திர நகலை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் கேட் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னைய நம்பித்தானடி உம்பேர்ல போட்டேன்."

"நம்பிப் போடலீங்கப்பா. எவனும் சொத்துன்னு நெனைக்க மாட்டான்னு போட்டீங்க."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. கடைசியில் அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அப்ப நான் வாழைத்தார ஏத்த வண்டி கொண்டாந்தா?"

"கேளுங்க, சொல்றேன்" என்றார் அம்மா. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மத்தியானம் பெரியப்பாவின் டிராக்டர் தார் ரோட்டில் வந்து நின்றது. கேட் திறந்திருந்தது. ஆனால் நடுவில் பெரியம்மா நின்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், பத்து வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தம்பியைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கம் உதவிப் படை வராது என்று தெரிந்ததும் பெரியப்பா டிராக்டரை விட்டு இறங்கி, மனைவியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது எங்கள் காதில் விழவில்லை.

"இன்னொருக்கா சத்தமாக் கேளுங்க" என்றார் பெரியம்மா.

சனிக்கிழமை நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விசா விண்ணப்பத்தோடு பத்திரத்தை இணைத்து அனுப்பினேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. தாத்தா பேரில் இருந்து, அப்பா அனுபவிக்கும் மற்ற சர்வே எண்களுக்கும் பத்திர நகல் கேட்டு அங்கேயே இன்னொரு மனு போட்டேன். மனுதாரருக்கும் சொத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கட்டம் கேட்டது. 'பங்குதாரர்' என்று நிரப்பி அனுப்பிவிட்டேன்.